பார்க்காததைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். கூண்டில் ஏறி நான் என்ன சொல்ல வேண்டும்?

தையல்கடை_கடலூர்:

வணக்கம். கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகிற ரோட்டில் எனக்கு ஒரு சின்னத் தையல் கடை இருக்கிறது. 2022 பொங்கலுக்கு முந்தின வாரம், சாயங்காலம் ஏழு மணி இருக்கும், கடைக்கு எதிரே ஒரு விபத்து நடந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர், பின்னால் இரண்டு டிரெய்லர். பைக்கில் வந்த பையனுக்கு 22 வயது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது நான்தான், 108-க்கு போன் செய்ததும் நான்தான். வண்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

மறுநாள் போலீஸ் வந்து விசாரித்தார்கள், தெரிந்ததைச் சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது மஞ்சக்குப்பம் கோர்ட்டிலிருந்து சாட்சி சம்மன் வந்திருக்கிறது. சம்மன் கொண்டுவந்த காவலர் என் வாக்குமூலத்தைச் செல்போனில் காட்டி, "ஒரு தடவை படிச்சு மனசுல வச்சுக்குங்க" என்றார். படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. "மேற்படி டிராக்டரை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து மோதியதை நான் நேரில் பார்த்தேன்" என்று இருக்கிறது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. என் மெஷின் சுவரைப் பார்த்துப் போட்டிருக்கிறது, ரோட்டுக்கு முதுகு காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

காவலரிடம் இதைச் சொன்னேன். "மாத்திச் சொன்னா பொய்சாட்சி கேஸ் ஆயிடும், பாத்துக்குங்க" என்றார்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. டிராக்டர் உரிமையாளர் தரப்பில் ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். ஒரு பை நிறைய முந்திரிப் பருப்பு. "நீங்க பாக்கலைன்னு சொன்னா போதும்" என்றார். பையை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் நான் உண்மையைச் சொன்னால் அது அவர் கேட்டதைச் சொன்ன மாதிரியே ஆகிவிடுகிறதே. அந்தப் பையனின் அம்மா இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். என் கடையில்தான் ரவிக்கை தைப்பார். நான் பார்க்கவில்லை என்று சொன்னால் அவருக்குக் கிடைக்க வேண்டிய இழப்பீடும் போய்விடுமா? மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பைபாஸ்_ராஜா:

இதெல்லாம் வேண்டாத வேலை சார். சம்மனுக்குப் போகாதீர்கள். நாலு தடவை போகாமல் இருந்தால் அவர்களே விட்டுவிடுவார்கள். என் மாமா அப்படித்தான் செய்தார்.

பழைய_பெஞ்ச்_கிளார்க்:

தம்பி, மேலே சொன்னதைக் கேட்காதீர்கள். சம்மன் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் அபராதம் போடலாம், வாரண்டும் பிறப்பிக்கலாம். அதைவிட, நீங்கள் போகாவிட்டால் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கடலூர் மாவட்டத்துக் கோர்ட்டுகளில் 31 வருஷம் வேலை பார்த்தேன். பாதிக் காலம் பெஞ்ச் கிளார்க். சாட்சிகளுக்கு உறுதிமொழி சொல்லிக் கொடுத்ததே ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்களுக்கு வந்திருக்கும் குழப்பம் கூண்டில் ஏறுகிற பாதிப் பேருக்கு உண்டு. காரணம், வாக்குமூலத்தையும் சாட்சியத்தையும் ஒன்றென்று நினைத்துக்கொள்வதுதான்.

போலீஸ் எழுதியது வாக்குமூலம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 161-ஆம் பிரிவில் விசாரணை அதிகாரி எழுதிக்கொள்வது. அதில் சத்தியப் பிரமாணம் கிடையாது, சாட்சியின் கையெழுத்தும் வாங்கக் கூடாது என்று 162-ஆம் பிரிவு சொல்கிறது. ஏன் வாங்கக் கூடாது என்று யோசித்துப் பாருங்கள். அது உங்கள் எழுத்து இல்லை. நீங்கள் சொன்னதாக இன்னொருவர் எழுதியது. அதை அப்படியே சான்றாக வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. கூண்டில் நீங்கள் வேறு மாதிரி சொன்னால், "முன்னே இப்படிச் சொன்னீர்களே" என்று காட்டி முரண்பாட்டைக் கேட்கலாம். அதன் வேலை அவ்வளவுதான்.

சாட்சியம் என்பது நீதிபதி முன்னால், உறுதிமொழி எடுத்துக்கொண்டு, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், நிற்கும்போது உங்கள் வாயிலிருந்து வருவது. எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கொடுத்த பிறகுதான் அது முழுமை பெறும். அதனால் கூண்டில் ஏறிய பிறகு அந்தத் தாளை ஒப்பிப்பது உங்கள் வேலை இல்லை.

அடுத்தது, பொய்சாட்சி. இந்தியத் தண்டனைச் சட்டம் 191-ஆம் பிரிவில் இருக்கிற ஒரு விளக்கத்தை நான் புதிதாக வருகிற இளநிலை உதவியாளர்களுக்குச் சொல்லிக் கொடுப்பேன். தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்வதும் பொய்சாட்சியம்தான். காவலர் உங்களை எதற்குப் பயமுறுத்தினாரோ, நிலைமை அதற்கு நேர் எதிர். பார்க்காததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்து சொன்னால்தான் அந்தப் பிரிவு உங்கள் பக்கம் திரும்பும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். "நான் பார்க்கவில்லை" என்பதோடு உங்கள் சாட்சியம் முடிந்துவிடும் என்று நினைத்துவிட்டீர்கள். இல்லை. சாட்சியச் சட்டம் 60-ஆம் பிரிவு வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்கிறது. நேரடி என்றால் கண்ணால் பார்த்தது மட்டும் இல்லை. பார்க்கக்கூடிய விஷயமானால் பார்த்தவர் சொல்ல வேண்டும், கேட்கக்கூடியதானால் கேட்டவர் சொல்ல வேண்டும். சத்தத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரடிச் சாட்சி. திரும்பிய பிறகு பார்த்ததற்கும் நேரடிச் சாட்சி.

அதனால் நான் கேட்கிறேன், இங்கேயே எழுதிப் பாருங்கள். தையல் மெஷின் ஓடினால் ரோட்டுச் சத்தம் காதில் விழுமா? மோதுகிற சத்தத்துக்கு முன்னால் ஹாரன் கேட்டதா? பிரேக் பிடித்துச் சக்கரம் இழுபடுகிற சத்தம் கேட்டதா? திரும்பியதும் டிராக்டர் எங்கே நின்றது, பைக் எங்கே கிடந்தது? விளக்கு எரிந்ததா?

தையல்கடை_கடலூர்:

ஐயா, ரொம்ப நன்றி. நீங்கள் கேட்ட பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. அப்போது மெஷின் ஓடவில்லை. பாபினில் நூல் தீர்ந்துபோய்ப் புது நூல் சுற்றியதைப் போட்டுக்கொண்டிருந்தேன். பொங்கல் நேரம், ராத்திரிக்குள் கொடுக்க வேண்டிய பாவாடை சட்டை ஆறு செட் இருந்தது, இந்த நேரத்தில் நூல் தீருகிறதே என்று எரிச்சல்பட்டதுகூட நினைவிருக்கிறது. அதனால்தான் சத்தம் தெளிவாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஹாரன் கேட்கவில்லை. பிரேக் சத்தமும் கேட்கவில்லை. டிராக்டர் இன்ஜின் சத்தம் வந்துகொண்டே இருந்தது, நடுவில் 'டம்' என்று ஒரு சத்தம், அப்புறம் இரும்பு தரையில் தேய்கிற சத்தம். திரும்பியபோது முன் டிரெய்லரின் சக்கரத்துக்குப் பக்கத்தில் பைக் கிடந்தது, தாரிலிருந்து இறங்கி மண்ணில். டிராக்டர் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது, எங்கள் கடையைத் தாண்டி மின்கம்பம் வரை போய்த்தான் நின்றது. முன் விளக்கு ஒன்றுதான் எரிந்தது. பின் டிரெய்லரில் விளக்கே கிடையாது, நான் ஓடும்போது அதில் இடித்துக்கொள்ளப் பார்த்தேன்.

இதையெல்லாம் போலீஸிடமும் சொன்னேன். விளக்கு பற்றி மட்டும் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள்.

பழைய_பெஞ்ச்_கிளார்க்:

தம்பி, ஒன்றுமே பார்க்கவில்லை என்று தூக்கமில்லாமல் இருந்தீர்களே! பாபின் விஷயத்தை விட்டுவிடாதீர்கள். எப்படிக் கேட்டது என்று யாராவது கேட்டால் அதற்கு அதுதான் பதில்.

ஒரு எச்சரிக்கை. ஹாரன் "அடிக்கவில்லை" என்று சொல்லாதீர்கள், "எனக்குக் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். முன்னது ஓட்டுநரைப் பற்றி நீங்கள் எடுக்கிற முடிவு. பின்னது உங்கள் காதைப் பற்றியது, அதை உங்களைத் தவிர யாரும் சொல்ல முடியாது. முடிவெடுக்கிற வேலையை நீதிபதியிடம் விட்டுவிடுங்கள்.

வக்கீல்_பண்ருட்டி:

கிளார்க் ஐயா சொன்னதோடு சில விஷயங்கள்.

சட்டம் மாறிவிட்டதே என்று யாராவது குழப்பினால் கவலைப்படாதீர்கள். 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது உண்மை. அந்தத் தேதிக்கு முன்பே கோர்ட்டில் நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய சட்டப்படியே தொடரும். உங்கள் வழக்கு அப்படிப்பட்டதாகத்தான் தெரிகிறது, ஆகவே 161, 60 என்ற பழைய எண்களே பேச்சில் வரும். புது வழக்கானால் 161-க்குப் பதில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 180, சாட்சியச் சட்டம் 60-க்குப் பதில் புதுச் சட்டத்தில் 55. ஆனால் பொய்சாட்சி சொல்வது இன்றைக்குச் செய்கிற குற்றம், அதற்குப் புதுச் சட்டம்தான். பாரதிய நியாய சன்ஹிதா (புதுத் தண்டனைச் சட்டம்) 229-இன்படி கோர்ட்டில் பொய்சாட்சி சொன்னால் ஏழு வருடம் வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம்.

"அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" என்ற வரியைப் பற்றி. ஏறக்குறைய எல்லா விபத்து வழக்கிலும் எல்லாச் சாட்சியின் வாக்குமூலத்திலும் இதே வரி இருக்கும். நான் பார்த்தவற்றில் படிக்கவே தெரியாத பாட்டி ஒருவர் பெயரிலும் இது இருந்தது. 1998-இல் கர்நாடக அரசு எதிர் சதீஷ் என்ற லாரி விபத்து வழக்கில், வண்டி அதிவேகமாக வந்தது என்பதை மட்டும் வைத்து அஜாக்கிரதை என்று முடிவு செய்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதிவேகம் என்றால் என்ன அர்த்தத்தில் சொல்கிறோம் என்பதை அந்த வழக்கில் எந்தச் சாட்சியும் விளக்கவில்லை. ஆக, அந்த வரியை நீங்கள் ஒப்பித்தாலும் அரசுத் தரப்புக்குப் பெரிய பலம் வந்துவிடாது. ஒரு விளக்குதான் எரிந்தது, மோதிய பிறகும் மின்கம்பம் வரை வண்டி போனது என்ற இரண்டுக்கும் அதைவிட எடை உண்டு.

நீங்கள் வாக்குமூலத்துக்கு மாறாகச் சொன்னால் அரசு வழக்கறிஞர் உங்களைப் பிறழ்சாட்சி என்று அறிவித்துக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதி கேட்கலாம். அந்தச் சொல்லைக் கேட்டு அவமானப்படாதீர்கள். பழைய சட்டத்தின் 154-ஆம் பிரிவில் 'பிறழ்சாட்சி' என்ற சொல்லே கிடையாது. சாட்சியை அழைத்த தரப்பே குறுக்குக் கேள்வி கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று மட்டும்தான் இருக்கிறது. அப்படிக் கேட்டதால் உங்கள் சாட்சியம் முழுதும் அழிந்துபோகாது. நம்பத்தக்க பகுதியை எடுத்துக்கொள்ளலாம் என்று 1975-இல் சத் பால் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இழப்பீட்டைப் பற்றி. அது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் தனியாக நடக்கிற மனு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் அவ்வளவு வேண்டாம், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். 2009-இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. இங்கே ஓட்டுநர் விடுதலை ஆனாலும் அந்த ஒரே காரணத்தால் அந்த அம்மாவின் மனு தள்ளுபடி ஆகாது.

முந்திரிப் பை கொண்டுவந்தவரைப் பற்றிச் சாட்சி சொல்வதற்கு முன்பே ஏ.பி.பி.-யிடம் (உதவி அரசு வழக்கறிஞரிடம்) சொல்லிவிடுங்கள். நீங்கள் உண்மையில் என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். மிரட்டல் என்று ஏதாவது வந்தால் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் 2018 இருக்கிறது, அதில் மனுக் கொடுக்கலாம்.

முத்தியால்பேட்டை_வாசுகி:

தம்பி, சட்டம் எனக்குத் தெரியாது. கூண்டில் நின்ற அனுபவம் உண்டு, அதனால் எழுதுகிறேன். புதுச்சேரியில் எங்கள் தெருவில் சங்கிலிப் பறிப்பு. நான் திண்ணையில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன், என் கண் முன்னாலேயே நடந்தது. மூன்று வருடம் கழித்துக் கடலூர் சாலையில் இருக்கிற நீதிமன்றத்துக்குக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு தடவை வாய்தா. போய்ப் போய்த் திரும்பினேன்.

முதல் விசாரணை நன்றாகப் போனது. குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் மணி எத்தனை என்றார். எட்டரை என்றேன். எப்படித் தெரியும், கடிகாரம் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லை. அப்போது ஏன் எட்டரை என்று அடித்துச் சொன்னீர்கள் என்றார். சட்டை நிறம் கேட்டார், மெரூன் என்றேன். போலீஸில் சிவப்பு என்று சொன்னீர்களே என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணால் பார்த்தவள் நான், என்னைப் பொய் சொல்கிறவள் மாதிரி நிற்க வைத்துவிட்டாரே என்று நெஞ்சு அடைத்தது. நீதிபதி அம்மா தண்ணீர் கொடுக்கச் சொல்லி, "நினைவிருப்பதை மட்டும் சொல்லுங்க, இல்லாததை நினைவில்லைன்னு சொல்லலாம்" என்றார்.

அந்த வாக்கியத்தை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம். எட்டரை என்று சொல்லாமல் "விளக்கு வைத்து ரொம்ப நேரம் ஆகவில்லை, தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்" என்றே சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்த நேரம் அதுதான்.

பழைய_பெஞ்ச்_கிளார்க்:

வாசுகி அம்மா சொன்னதைத் தம்பி இரண்டு தடவை படிக்க வேண்டும். மெரூன், சிவப்பு மாதிரியான வித்தியாசத்துக்காகச் சாட்சியத்தைத் தூக்கிப் போட மாட்டார்கள் அம்மா. பர்வாடா போகின்பாய் வழக்கு என்று 1983-இல் ஒன்று உண்டு. சாட்சியின் நினைவு வீடியோ டேப் மாதிரி ஓடாது, நேரத்தைச் சாதாரண மனிதர்கள் குத்துமதிப்பாகத்தான் சொல்வார்கள், கோர்ட்டின் சூழ்நிலையே சாட்சியைத் தடுமாற வைக்கும் என்றெல்லாம் உச்ச நீதிமன்றம் அதில் எழுதியது. நீங்கள் அழுத அழுகையையும் சேர்த்துத்தான் அவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

தூரம் கேட்டால் அடிக்கணக்கு சொல்லாதீர்கள் தம்பி. கீரை விற்கிற ஆயா ஒருவர் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல வந்தார். எத்தனை அடி தூரத்தில் நின்றீர்கள் என்று வக்கீல் விடாமல் கேட்டார். ஆயா கூண்டிலிருந்து கையை நீட்டி, "இங்கேருந்து அந்த ஜன்னல் வரைக்கும் சாமி" என்றார். நடுவர் ஜன்னலைப் பார்த்துவிட்டு, சுமார் 15 அடி என்று என்னை எழுதச் சொன்னார். அந்த வழக்கில் தள்ளாமல் நின்ற சாட்சியம் அந்த ஆயாவுடையது. அவருக்கு எண்ணே தெரியாது.

நீங்கள் ஒரே சாட்சியாக இருந்தால் என்ன ஆகும் என்ற பயமும் வேண்டாம். எந்த உண்மையையும் நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்குச் சட்டத்தில் இல்லை. அதற்கு இன்றுவரை எல்லாரும் எடுத்துக்காட்டுவது நம் பக்கத்து வழக்குதான், 1957-இல் வந்த வடிவேலு தேவர் எதிர் சென்னை மாநிலம். சாட்சிகளை அதில் மூன்று வகையாகப் பிரித்தார்கள். முழுதும் நம்பத்தக்கவர், முழுதும் நம்பத்தகாதவர், இரண்டுக்கும் நடுவில் இருப்பவர். தலை எண்ணுவது இல்லை, தரம் பார்ப்பது. முதல் வகையானால் ஒருவரே போதும். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் ஒரே குரலில் சொல்கிற ஆளைத்தான் நான் அந்த முதல் வகையில் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்குக் காலை பத்தரைக்கு முன்பே போய்விடுங்கள். பெயரைக் கூப்பிடும்போது வராண்டாவில் இருங்கள், டீ குடிக்கப் போய்விடாதீர்கள். கேள்வி முடியும் வரை பொறுங்கள். பதிலை நீதிபதியைப் பார்த்துச் சொல்லுங்கள், மெதுவாக, தட்டச்சு செய்பவருக்கு நேரம் கொடுத்து. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள். நீங்கள் சொல்லாதது இருந்தால் அங்கேயே சொல்லுங்கள். ஒரு தடவை பட்டது போதும்.

தையல்கடை_கடலூர்:

எல்லாருக்கும் வணக்கம். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். முதல் தடவை வாய்தா. நேற்றுத்தான் சாட்சி சொன்னேன்.

காலையிலேயே ஏ.பி.பி. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், முந்திரிப் பையையும் சேர்த்து. முகம் வாடியது, ஆனால் திட்டவில்லை. கூண்டில் ஏறி உறுதிமொழி எடுத்தபோது கால் நடுங்கியது. மோதியதைப் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பினேன் என்றதும் அவர் அனுமதி வாங்கி வாக்குமூலத்தைப் படித்து, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டார். சொல்லவில்லை என்றேன். ஓட்டுநருக்குச் சாதகமாகச் சொல்கிறீர்களா என்றார். இல்லை அம்மா, ஒரு விளக்குதான் எரிந்தது, மின்கம்பம் வரை போய்த்தான் நின்றது என்றேன். அதையும் பதிவு செய்தார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீல் சந்தோஷமாக எழுந்தார். நீங்கள் எதையும் பார்க்கவில்லை அல்லவா என்றார். மோதியதைப் பார்க்கவில்லை, மோதிய பிறகு பார்த்தேன் என்றேன். தையல் மெஷின் சத்தத்தில் ஹாரன் எப்படிக் கேட்கும் என்றார். அப்போது பாபின் மாற்றிக்கொண்டிருந்தேன், மெஷின் ஓடவில்லை என்றேன். நீதிபதி ஐயாவே நிமிர்ந்து பார்த்து, "பாபின்னா கீழ இருக்கிற சின்ன உருளைதானே?" என்று கேட்டு எழுதச் சொன்னார். வாகன உரிமையாளர் தரப்பில் யாராவது உங்களைப் பார்த்தார்களா என்று ஏ.பி.பி. மறுபடி அனுமதி கேட்டுக் கேட்டார். பார்த்தார்கள், பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அந்தப் பையனின் அம்மா வராண்டாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கவில்லை என்று சொன்னதை அவரும் கேட்டிருப்பார். என்ன பேசுவது என்று தெரியாமல் பக்கத்தில் போய் நின்றேன். "எம்புள்ளைய நீதானேப்பா தூக்குன, அப்ப ஏதாவது பேசுனானா?" என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, இதை அவர் என்னிடம் கேட்டதே இல்லை. கோர்ட்டிலும் யாரும் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டான் என்றேன், கொடுத்தேன் என்றேன். இரண்டும் உண்மை.

அவருடைய வக்கீல் தீர்ப்பாயத்துக்கும் என்னைச் சாட்சியாகக் கூப்பிடப் போவதாகச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பழைய_பெஞ்ச்_கிளார்க்:

நல்லது தம்பி. அங்கேயும் மின்கம்பம் எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள். நாளைக்கே கடை வாசலிலிருந்து நடந்து எத்தனை எட்டு என்று எண்ணி வையுங்கள். எண்ணியது எப்போது என்று கேட்டால் அந்தத் தேதியையும் சொல்லுங்கள்.